சுண்ணாம்பு பூசிய ஜீப்

வழியனுப்பு விழா அன்று கழுத்தில் மாலையைப் போட்டு, "நாலு வார்த்தை பேசுங்கண்ணா" என்று மைக்கை நீட்டினீர்கள். நான் "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இந்தப் பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் வேலை செய்தவன் பேசியது அவ்வளவுதான். பேசியிருக்கலாம். ஆனால் நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு உள்ளே போய்விடும். எழுதும்போது அந்தத் தொந்தரவு இல்லை. நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. வரைதான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் வேலையிலிருந்து நிற்பதற்கு ஒரு வாரம் முன்னால் ஒருவர் ஜீப்போடு வந்தாரே, நினைவிருக்கிறதா? கையில் மூன்று கம்பெனிகளின் விளம்பரத் தாள்கள் வைத்திருந்தார். வண்டியைத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் தூக்க ஒரு கிட், மூன்று அங்குலத்துக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று. "விலை கம்மியா, நல்லதா எதுப்பா?" என்று கேட்டார். நீங்கள் மூன்று பேரும் அந்தத் தாள்களின் மேல் கவிழ்ந்தீர்கள். உங்களில் ஒருவர், "நாலு இஞ்ச் போடுங்க சார், கெத்தா நிக்கும்" என்றார். ஜீப்காரர் சிரித்துக்கொண்டே, "யோசிச்சு வரேன்" என்று போய்விட்டார்.

அப்போது நான் வைஸ் பூட்டிய மேஜைப் பக்கத்தில் நின்று கை துடைத்துக்கொண்டிருந்தேன். அவரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி என் வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அந்தக் கேள்வியை நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பட்டறைக்கு வருவதற்கு முன்னால், அறுபதுகளின் கடைசியில், தாம்பரத்தில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் டிரைவராக இருந்தேன். டிரைவரும் நான்தான், மெக்கானிக்கும் நான்தான். ஆஸ்பத்திரிக்கு இருந்தது ஒரே வண்டி. பட்டாளத்திலிருந்து ஏலத்தில் வந்த பழைய ஜீப். பின்பக்கத்தில் ஒருபக்கம் பெஞ்சு, இன்னொரு பக்கம் ஸ்ட்ரெச்சர் வைக்க இரண்டு கம்பி. புதன்கிழமை தோறும் காலையில் சேலையூர், மேடவாக்கம் தாண்டி, பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில் இருந்த ஒரு சின்ன ஊருக்குப் போவோம். முப்பது நாற்பது வீடுகள் இருக்கும். முன்னால் டாக்டரம்மா உட்காருவார். பின்னால் மருந்துப் பெட்டிகளோடு சிஸ்டர். அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தன் பெயரை எங்கேயும் எழுதுவது அவருக்குப் பிடிக்காது. அதனால் இங்கேயும் சிஸ்டர் என்றே எழுதுகிறேன்.

மேடவாக்கத்துக்கு அப்பால் தார் ரோடு கிடையாது. வண்டிப் பாதைதான். மாட்டு வண்டிச் சக்கரங்கள் இரண்டு பக்கமும் மண்ணை அறுத்து அறுத்து முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கும். நடுவில் மேடு. ஜீப்பின் சக்கரங்கள் பள்ளத்தில் இறங்கினால் வயிறு அந்த மேட்டில் உட்கார்ந்துகொள்ளும். நான்கு சக்கரமும் சும்மா சுற்றும். அந்த வருஷம் புரட்டாசியில் பெய்த முதல் மழையிலேயே அப்படி உட்கார்ந்துவிட்டது. இரண்டு ஜோடி மாடு கட்டி இழுத்துத்தான் வெளியே வந்தோம்.

மறுநாள் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். "ஆஸ்பத்திரி கமிட்டியில சொல்லிட்டாங்க. மழைக்காலத்துல அந்த ஊர் டிரிப் வேண்டாம், தை மாசம் பார்த்துக்கலாம்னு. வண்டியை உயர்த்த முடியுமா, பாரு. முடிஞ்சா நான் பேசுறேன்."

பக்கத்தில் நின்றிருந்த சிஸ்டர் உடனே, "தைன்னா அஞ்சலை கதி என்னங்க டாக்டர்?" என்றார்.

அஞ்சலை அந்த ஊர்ப் பெண். மூன்றாவது பிள்ளை, கார்த்திகையில் ஆகும். குழந்தை தலை மேலேயும் கால் கீழேயுமாக இருந்தது. வீட்டில் பிரசவம் பார்த்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. இரண்டு சின்னப் பிள்ளைகளையும் கறவை மாட்டையும் விட்டுவிட்டு முன்கூட்டியே தாம்பரத்தில் வந்து தங்க முடியாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வலி வருவதற்கு ஒரு வாரம் முன்னால் நாங்கள் போய் அழைத்து வருவது என்று பேச்சு. மாட்டு வண்டியில் வந்தால் அரை நாள் ஆகும். ஆகவே வண்டி உயர்ந்தால் அஞ்சலை வருவாள், இல்லையென்றால் இல்லை. இதை யாரும் என்னிடம் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த அறையை விட்டு வரும்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது பெட்டியில் அடைத்த கிட் எல்லாம் கிடையாது. இருந்த வழிகள் நான்கு. மவுண்ட் ரோட்டில் வெளிநாட்டு ஸ்பிரிங் செட் கிடைக்கும். விலையைக் கேட்டு நான் கடைப்படி இறங்கிவிட்டேன். ஸ்பிரிங்கைத் தொங்கவிடும் ஷேக்கிளை நீளமாகச் செய்து போடலாம். சல்லிசு, ஆனால் ஸ்டியரிங் கையில் நிற்காது. அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைக்கலாம். பிரேக் அடிக்கும்போது கட்டை நழுவி ஒருவர் வயலில் போய் விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். நான்காவது, புதுப்பேட்டையில் பழைய இரும்புக் கடைகளில் தேடி கூடுதல் பட்டை போடுவது.

ஜீப் ஸ்பிரிங் என்பது வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளின் அடுக்கு என்று உங்களுக்குத் தெரியும். புதுப்பேட்டையில் பட்டாள டிரெய்லரிலிருந்து கழற்றிய பட்டைகள் கிடைத்தன. நம் வண்டிப் பட்டையின் அகலம்தான், கனம் மட்டும் ஒன்றரை மடங்கு. பக்கத்துக்கு இரண்டாகச் சேர்த்துக் கட்டினேன். டாக்டரம்மா கொடுத்த இருநூறு ரூபாயில் பாதிகூடச் செலவாகவில்லை. வண்டி முழுசாக நான்கு அங்குலம் உயர்ந்தது.

அதை ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. சண்டைக்குப் போகிற சேவல் மாதிரி நின்றது. கம்பவுண்டர் சுற்றி வந்து பார்த்து, "இன்னாப்பா, ஏறணும்னா ஏணி வெக்கணும் போலக்கீதே" என்றார். டாக்டரம்மாகூட சிரித்தார். சிஸ்டர் மட்டும் பின்பக்கமாகப் போய் ஸ்பிரிங்கை ஒரு கையால் அழுத்திப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அடுத்த புதன்கிழமை போனோம். மேட்டில் உட்காரவில்லை, சரி. ஆனால் 'டங் டங்' என்று அடியில் ஏதோ இடித்துக்கொண்டே வந்தது. ஒரு இடத்தில் வண்டி மறுபடி மாட்டிக்கொண்டது. பின்னால் வந்து, ஓரமாக ஏறி, எப்படியோ தாண்டினேன். ஊரில் இறங்கி மருந்துப் பெட்டியைத் திறந்தால், நாற்பது பாட்டிலில் பதினொன்று உடைந்திருந்தது. இருமல் மருந்து பஞ்சிலெல்லாம் ஊறி ஒட்டிக்கொண்டிருந்தது. சிஸ்டர் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

திரும்பி வந்த பிறகு சொன்னார். "டாக்டர், உங்களுக்கு ஓட்டத் தெரியும்தானே? பெருங்களத்தூர் வரைக்கும் போயிட்டு, பீர்க்கன்கரணை ஏரிக்கரை மண் ரோட்டுல ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வாங்க. தம்பி, நீ பின்னாடி ஸ்ட்ரெச்சர்ல படு."

"நானா? எதுக்கு சிஸ்டர்?"

"சும்மா படு. வயித்துமேல கைய வெச்சுக்கோ."

டாக்டரம்மா முன்னால் ஓட்ட, சிஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டு வர, நான் ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து படுத்தேன். அந்த வண்டியை மூன்று வருஷம் ஓட்டியவன் நான். அதன் பின்பக்கத்தில் ஒரு நாளும் போனதில்லை. தார் போட்ட ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே பல்லோடு பல் இடித்தது. மண் ரோட்டில் இறங்கியதும், ஒவ்வொரு குழிக்கும் நான் கம்பியிலிருந்து ஒரு சாண் மேலே போய் முதுகெலும்பு அடிபடக் கீழே வந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தவனுக்குக் குழி வருவது தெரியும், உடம்பு தயாராகிவிடும். படுத்திருப்பவனுக்கு வானம்தான் தெரியும். பத்து நிமிஷத்தில், "நிறுத்துங்க டாக்டர்" என்று கத்திவிட்டேன்.

இறங்கி ஏரிக்கரையில் குந்தினேன். சிஸ்டர் தண்ணீர் கொடுத்தார்.

"உன் வயித்துல பிள்ளை இல்ல தம்பி. அதுக்கே இப்படி."

கனமான பட்டையைச் சேர்த்தால் உயரம் வரும், மெதுத்தன்மை போய்விடும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தே, உயரத்தை மட்டும் அளந்தேன். ஸ்கேலைத் தரையில் வைத்து அளந்தபோது பின்னால் யார் வருவார்கள் என்று நினைக்கவே இல்லை.

மறுநாள் காலையில் வேலைக்கு வந்தபோது, கிறிஸ்துமஸுக்கு முன்னேற்பாடாக ஆஸ்பத்திரிச் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். தொட்டியில் சுண்ணாம்பு குழைத்து வைத்திருந்தது. நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்று, 'நான்கு அங்குலம் தூக்கியும் எது இடிக்கிறது?' என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கீழே படுத்துப் பார்த்தால் எங்கும் சேறு, எங்கும் கீறல். மூன்று வருஷத்துக் கீறலில் நேற்றைய கீறல் எது என்று எப்படித் தெரியும்? அப்போது கொத்தனார் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து எடுத்தார்.

அடுத்து நான் செய்ததை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இப்படி எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். என் வேலையில் நானாகக் கண்டுபிடித்தது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது.

வண்டியின் அடிப்பாகம் முழுவதையும் கழுவித் துடைத்தேன். ஒரு வாளி சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்து, ஸ்பிரிங், அச்சு, அச்சின் நடுவில் இருக்கும் உருண்டையான டிஃபரென்ஷியல் கூடு, கியர் பெட்டிக்குக் கீழே இருக்கும் தகடு, சைலன்சர் குழாய் எல்லாவற்றிலும் தடவினேன். கைத்தோல் உரிந்து, ஒரு வாரம் தேங்காயெண்ணெய் போட்டுக்கொண்டேன். பூசும்போதே ஒன்று கண்ணில் பட்டது: வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் கீழே தொங்கும் நிலையில், முன் பிரேக்குக்குப் போகும் ரப்பர் குழாய் கட்டிய கயிறு மாதிரி விறைத்து நின்றது. இன்னும் ஒரு பெரிய குழியில் விழுந்திருந்தால் அறுந்திருக்கும். நான்கு அங்குலம் தூக்கினேனே தவிர, தூக்கினால் வேறு எதெல்லாம் இழுபடும் என்று பார்க்கவில்லை.

டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, சுண்ணாம்பு காய்வதற்குள் வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு தனியாக அந்தப் பாதைக்குப் போனேன். ஊர் எல்லை வரை மெதுவாக ஓட்டி, நிறுத்தி, கீழே நுழைந்து பார்த்தேன். ஸ்பிரிங்கில் சுண்ணாம்பு அப்படியே இருந்தது. கியர் பெட்டித் தகட்டிலும் அப்படியே. சைலன்சர் குழாயின் வளைவில் கொஞ்சம் போயிருந்தது. டிஃபரென்ஷியல் கூட்டில் மட்டும் சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தது.

தம்பிகளே, இது உங்களுக்குச் சாதாரணம். எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் வண்டியின் உடம்புதான் உயரும். அச்சு சக்கரத்தோடு கட்டியது, அது இருந்த இடத்திலேயே இருக்கும். என் நான்கு அங்குலத்தில் உடம்புக்கு இரண்டு போதும். இடித்துக்கொண்டிருந்த அச்சுக்கு ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை.

இப்படி நான் வண்டிக்கடியில் கிடந்தபோது பக்கத்தில் இரண்டு கால்கள் வந்து நின்றன. அஞ்சலையின் புருஷன் கோவிந்தன்.

"இன்னாண்ணா, ரோடெல்லாம் கோலம் போட்டுகினு வந்துகீறே?"

"என்ன கோலம்?"

"வந்து பாரு."

வெளியே வந்து பார்த்தேன். நான் ஓட்டி வந்த பாதையின் நடு மேட்டில், அங்கங்கே வெள்ளை வெள்ளையாகத் தீற்றல் இருந்தது. அச்சிலிருந்து போன சுண்ணாம்பு மண்ணில் ஒட்டியிருந்தது. வண்டி எங்கெல்லாம் இடித்ததோ அங்கெல்லாம் அடையாளம். இரண்டு மைல் பாதையில் எண்ணினால் பதினாலு இடம். அவ்வளவுதான். மற்ற இடங்களில் இடிக்கவே இல்லை. இரண்டு மைல் பாதையும் கெட்டது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

நான் கோவிந்தனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் குனிந்து அந்த வெள்ளையைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப இத்த மட்டும் சீவிட்டா வண்டி வந்துருமா?"

"பாதி வந்துரும். மீதி நான் பார்த்துக்கிறேன்."

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாண்ணா? நாலு மம்முட்டி வேலை. வண்டிய தூக்குறேன் தூக்குறேன்னுகினு கெடக்கிறே."

மழை வந்தால் அடையாளம் கரைந்துவிடும் என்று, அன்று சாயங்காலத்துக்குள் ஊர் ஆட்கள் ஆறு பேர் சேர்ந்து பதினாலு இடத்திலும் மேட்டைச் சீவி, அந்த மண்ணையே பள்ளத்தில் போட்டு மிதித்தார்கள். நானும் மண்வெட்டி பிடித்தேன். என் வாழ்க்கையில் நான் பார்த்ததிலேயே சல்லிசான லிஃப்ட் கிட் அதுதான்.

என் பங்குக்குப் பல்லாவரத்தில் ஸ்பிரிங் பட்டறை வைத்திருந்த பாயிடம் போனேன். டிரெய்லர் பட்டைகளைப் பார்த்ததுமே அவர், "இத்த யாரு போட்டது?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "இன்னா, கல்லு லோடு அடிக்கப் போறியா?"

"பேஷண்ட் ஏத்தணும் பாய்."

"பேஷண்ட்டா! ஏர்றப்போ ஒரு நோவு, எறங்குறப்போ ரெண்டு நோவா?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி, எவ்ளோ ஒயரம் வோணும்?"

அந்தக் கேள்விக்கு முதல் முறையாக எனக்குப் பதில் தெரிந்திருந்தது. "உடம்புக்கு ரெண்டு அங்குலம். அதுக்குமேல அரை அங்குலம்கூட வேண்டாம். மெத்துனு இருக்கணும்."

டிரெய்லர் பட்டைகளைத் தூக்கிப் போட்டோம். வண்டியின் சொந்தப் பட்டைகளையே ஒவ்வொன்றாகக் காய்ச்சி, வளைவை ஏற்றி, எண்ணெயில் முக்கிப் பதம் செய்து அடுக்கினார். பழைய பட்டை மறுபடி படுத்துவிடாமல் தாங்க, மெல்லிய நீளப் பட்டை ஒன்று மட்டும் சேர்த்தார். பிரேக் குழாயை நீளமானதாக மாற்றினேன். சைலன்சர் குழாயை மேலே ஏற்றிக் கட்டினேன். அச்சை உயர்த்த ஒரே வழி டயர்தான். ஒரு சைஸ் பெரிய டயர், பாதி தேய்ந்தது, நான்கு தேடிப் பிடித்தேன். அதில் ஒரு அங்குலம் கிடைத்தது. டாக்டரம்மா கொடுத்த பணம் சரியாகப் போயிற்று.

பார்வைக்கு வண்டி முன்னைப்போலச் சேவல் மாதிரி நிற்கவில்லை. கம்பவுண்டர், "இன்னாப்பா, எறக்கிட்டே?" என்று ஏமாந்தார். நான் டாக்டரம்மாவிடம் போய், "நீங்க ஓட்டணும்ங்க, நான் பின்னாடி படுக்கணும்" என்றேன். யாரும் கேட்காமலே என் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் அந்த வருஷத்தில் அவைதான் என்று நினைக்கிறேன். ஏரிக்கரை ரோட்டில் ஒரு சுற்று வந்தோம். குழியில் இறங்கும்போது வண்டி தாழ்ந்து எழுந்தது, தூக்கிப் போடவில்லை. பெஞ்சிலிருந்த சிஸ்டர் ஒரு டம்ளரில் முக்கால் தண்ணீர் வைத்துக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். திரும்பியபோது அதைக் குடித்துவிட்டு, "பரவாயில்ல" என்றார்.

அஞ்சலையை அழைத்துவர நாங்கள் நாள் குறித்து வைத்திருந்தோம். அதற்கு ஆறு நாள் முன்னால், மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு, காலை எட்டு மணிக்குக் கோவிந்தனின் தம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நனைந்து வந்து நின்றார். வலி கண்டுவிட்டது. விடியற்காலையிலிருந்து விட்டு விட்டு வருகிறது.

டாக்டரம்மா ஆபரேஷன் அறையைத் தயார் செய்ய நின்றுகொண்டார். சிஸ்டரும் நானும் புறப்பட்டோம். போகும்போது பாதை தெரிந்தது. ஊரைத் தொட ஒரு பர்லாங்கு இருக்கும்போதுதான் தண்ணீர். சதுப்பு நிறைந்து பாதை மேலே ஏறி ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தோம். அஞ்சலையை ஸ்ட்ரெச்சரில் ஏற்றுவதற்குள் அரை மணி நேரம். திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் இன்னும் ஏறியிருந்தது. மேடு, பள்ளம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரே பழுப்பு.

ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். "டிரைவரே, அதோ எங்க ஊரு ஏரிக்கரை மேல ஏத்திடு. தண்ணி இல்ல. ஒயரமான வண்டியாச்சே!"

கரை காய்ந்துதான் இருந்தது. ஆனால் குறுகல், ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது, மேலே வழுக்கல். நான் யோசித்தேன். எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் சுபாவத்துக்கு, நாலு பேர் சேர்ந்து சொன்னதை மறுத்துப் பேசுவதைவிடக் கரையில் ஏற்றிவிடுவது சுலபம். உயர்த்திய வண்டி பள்ளத்தில் பிழைக்கும், சரிவில் சாயும். மேலே எழுந்த கனம் ஒரு பக்கம் போனால் திரும்பி வராது. பின்னால் படுத்திருப்பவள் கம்பியைக்கூடப் பிடிக்க முடியாது.

"கரை வேண்டாம்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "கரை வேண்டாம். தண்ணியிலயே போறேன்."

"இன்னாய்யா, பைத்தியமா நீ? ரோடே தெரில!"

"எனக்குத் தெரியலதான். அவருக்குத் தெரியும்" என்று கோவிந்தனைக் காட்டினேன். "மேட்டைச் சீவினது அவர்தானே."

கோவிந்தன் உடனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கம்பை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். நான் பானட்டைத் திறந்து, காற்றாடி தண்ணீரை வாரி எஞ்சினில் அடிக்காமலிருக்க, அதன் பெல்ட்டைக் கழற்றினேன். முதல் கியரில் போட்டு, ஒரே சீராக, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு போனேன். அவர் காலால் மேட்டைத் தடவித் தடவி நடந்தார். அவ்வப்போது திரும்பாமலே கையை ஆட்டுவார். "கொஞ்சம் இப்டி வா... வா... அங்கியே வா. இது அஞ்சாவது வெள்ளை. இத்த நல்லா சீவிக்கிறோம், பயப்படாத வா!"

பின்னால் அஞ்சலை முனகுவது கேட்டது. சிஸ்டர் அவளிடம் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் தண்ணீர் ஜீப்பின் கால் வைக்கும் தட்டுக்கு மேலே வந்தது. கிளட்சை மிதித்தால் நின்றுவிடும், மிதிக்கவில்லை. அடியில் ஒரே ஒரு முறை மண் உரசுகிற சத்தம். சக்கரம் சும்மா சுற்றாமல் மண்ணைப் பிடித்து ஏறியது. கோவிந்தனின் முழங்கால் வெளியே தெரிந்தது, பிறகு கணுக்கால், பிறகு ஈரமண். அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏறுங்க" என்றேன். பெல்ட்டை மாட்டி, மேடவாக்கம் தாண்டித் தாம்பரம் வந்து சேரும்போது மணி பதினொன்று இருக்கும்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரை இறக்கியபோது நான் அஞ்சலையின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. சிஸ்டரைப் பார்த்தேன். அவர் ஓட்டமாக உள்ளே போய்க்கொண்டிருந்தவர், கதவருகில் நின்று, "தம்பி, வழியில ஒரு தடவை அவ கண்ணசந்தா, தெரியுமா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருபத்தெட்டு வருஷமும் அதற்கு முந்தைய வருஷங்களும் சேர்த்து, என் வேலையைப் பற்றி யார் என்ன சொல்லியிருந்தாலும், எனக்குக் கிடைத்த சர்டிபிகேட் அந்த ஒரு வரிதான்.

மத்தியானம் ஒரு மணிக்குப் பெண் குழந்தை, கால் முன்னால் வந்து, பத்திரமாகப் பிறந்தது. கோவிந்தன் குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தார் போல; அடுத்த மாதம் விபூதிப் பொட்டலத்தோடு வந்து, முதலில் ஜீப்பின் பானட்டில் பட்டை போட்டுவிட்டு, பிறகு சிஸ்டர் பக்கம் திரும்பித் தயங்கினார். "வண்டிக்குப் போட்டாச்சுல்ல, அது எல்லாருக்கும் சேர்த்துத்தான்" என்று சிஸ்டர் சிரித்தார். கமிட்டி புதன்கிழமை டிரிப்பை நிறுத்தவில்லை. எழுபதுகளின் நடுவில் தார் ரோடு வரும் வரை, எல்லா மழைக்காலத்திலும் அந்த ஊருக்குப் போனோம். ஐப்பசி பிறந்ததும் ஒரு வாளி சுண்ணாம்போடு நான் ஒரு முறை தனியாகப் போய்வருவேன். பின்னாலேயே மண்வெட்டிகள் வரும்.

இனி நம் ஜீப்காரர் விஷயம். நீங்கள் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் அவருடைய வண்டியைப் பார்த்தேன். பின் சீட்டில் ஒரு தலையணை இருந்தது. உறை மாற்றிய, துவைத்த தலையணை. காட்டில் ஓட்டுகிறவர் தலையணை வைத்துக்கொள்ள மாட்டார். "பின்னால யாரு சார் வருவாங்க?" என்று கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. அவர் திரும்ப வருவார். யோசித்து வருகிறேன் என்று போனவர்கள் பெரும்பாலும் வருவார்கள். நீங்கள் கேளுங்கள். அதற்குப் பிறகு தாள்களைப் பிரித்துப் பாருங்கள். ஒருவேளை நான்கு அங்குலம்தான் சரியாக இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது.

மூன்றாவது சர்வீஸ் குழிக்குப் பின்னால், பழைய டயர்களின் மறைவில், மூடி போட்ட ஒரு தகர வாளி இருக்கும். சுவருக்கு வெள்ளையடிக்க வைத்தது என்று நினைத்து யாராவது தூக்கிப் போட்டுவிடப் போகிறீர்கள். அது என்னுடையது. நான் வேண்டுமென்றேதான் எடுத்துப் போகவில்லை. பூசும்போது கையில் முதலிலேயே தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.